கார்ப்ளஸ், மார்ட்டின் (1930–2024)

ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்கப் பிரஜையான ரசாயன விஞ்ஞானி. புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளின் சலனத்தைக் கணிப்பொறியின் துணைகொண்டு பின்தொடரும் முறைக்கு அடிகோலியவர்களுள் ஒருவர். வியன்னா நகரில், வைத்தியர் பலர் தோன்றிய யூதக் குடும்பமொன்றில் 1930 மார்ச் 15ஆம் நாள் பிறந்தார். 1938இல் ஜெர்மனி ஆஸ்திரியாவைக் கைக்கொண்டபோது குடும்பம் சுவிட்சர்லாந்து, பிரான்சு வழியாக அமெரிக்காவை அடைந்தது. தமையனாருக்கு ரசாயனப் பெட்டி ஒன்று பரிசாக வந்தபோது தமக்கும் ஒன்று வேண்டுமென்று இளையவர் கேட்க, இருவர் கையிலும் வெடிமருந்து சேர்வது உசிதமன்று என எண்ணிய தந்தையார் அவருக்கு ஒரு நுண்ணோக்கியை வாங்கித் தந்தார் என்பர்.

ஹார்வர்டில் பட்டம் பெற்றுக் காலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தை அடைந்த கார்ப்ளஸ் முதலில் நாடியது ரசாயனத்தையன்று, உயிரியலையே. கண்பார்வைக்குக் காரணமான ரசாயன மாற்றம் பற்றி அவர் நிகழ்த்திய உரையின் நடுவே, தமக்கு எதுவும் விளங்கவில்லை என்று பேராசிரியர் மாக்ஸ் டெல்புரூக் மீண்டும் மீண்டும் குறுக்கிட, சபையில் அமர்ந்திருந்த பௌதிக அறிஞர் ரிச்சர்ட் ஃபெயின்மன் தமக்கு நன்றாகவே விளங்குகிறது என்றார் என்பது கார்ப்ளஸின் தன்வரலாற்றுக் கட்டுரை தரும் செய்தி. அதன்பின் ரசாயனத் துறைக்கு மாறிய அவர், முதலில் ஜான் கிர்க்வுட்டிடமும், கிர்க்வுட் அக்கழகத்தை விட்டு நீங்கியபின் லைனஸ் பாலிங்கிடமும் பயின்று, 1953இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

ஆக்ஸ்போர்டில் சார்லஸ் கூல்சனிடம் இரண்டாண்டு கழித்தபின், 1955 முதல் 1960 வரை இல்லினாய் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்தார். அடுத்தடுத்த கார்பன் அணுக்களைச் சார்ந்த ஹைட்ரஜன்களுக்கு இடைப்பட்ட முறுக்குக் கோணத்தை, அணுக்கருக் காந்த ஒத்ததிர்வில் தோன்றும் பிணைப்பு அளவோடு தொடர்புறுத்தும் சமன்பாடு இக்காலத்தது. இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அதனைக் கொண்டு கோணங்களை ஓரிரு பாகை துல்லியத்துக்கு அளக்க முற்படுவோரை 1963ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவரே எச்சரித்துள்ளார். தம் பெயர் தாங்கிய விதியை இவ்வாறு தாமே அடக்கிவைத்தவர் அரியர்.

1960இல் கொலம்பியா சர்வகலாசாலைக்குச் சென்று, போர்ட்டர், சர்மா ஆகியோருடன் ஒரு ஹைட்ரஜன் அணு ஹைட்ரஜன் மூலக்கூற்றோடு மோதி வினைபுரியும் பாதைகளைக் கணித்தார் (1965). 1966இல் ஹார்வர்டுக்குத் திரும்பினார்.

மூன்று அணுக்களுக்கு இயன்றது பல நூறு அணுக்களுக்கும் இயலும் என்ற அனுமானமே அவருடைய பிற்காலப் பணிக்கு மூலம். ஆண்ட்ரூ மக்கேமன், புரூஸ் கெலின் ஆகியோருடன், 58 அமினோ அமிலங்களைக் கொண்ட, மாட்டின் கணையத்திலிருந்து எடுக்கப்படும் ஒரு சிறு புரதத்தை எடுத்துக்கொண்டு, அதன் அணுக்கள் ஒவ்வொன்றுக்கும் நியூட்டனின் இயக்கச் சமன்பாடுகளைத் தீர்த்து, அவை நகருமாற்றை 1977இல் வெளியிட்டார். அமெரிக்காவில் அத்தனை கணிப்பொறி நேரம் கிடைப்பது அரிதாயிருந்தமையால், இக்கணிப்பின் பெரும்பகுதி பாரிசுக்கு அருகிலுள்ள ஓர்சேயில் கூடிய ஒரு பயிலரங்கின்போது நிகழ்ந்தது. பின்தொடர்ந்த காலம் 8.8 பிகோசெகண்டு என்று சிலரும் 9.2 என்று சிலரும் எழுதுவர். ஒரு பிகோசெகண்டு என்பது ஒரு விநாடியின் லட்சங்கோடியில் ஒரு பங்கு. சூழ நீரின்றி வெறுமையில் நடந்த கணிப்பு ஆகையால் அதன் குறைகள் வெளிப்படை. ஆயினும், புரதத்தின் உட்புறம் கல்போல் இறுகியதன்று, திரவத்தைப் போல் இளகி அசைவது என்னும் கருத்துக்கு அது வலுவூட்டிற்று. இம்முயற்சி நடவாது என்று ரசாயன அறிஞரும், நடந்தாலும் பயனில்லை என்று உயிரியலாரும் அக்காலத்தில் கூறியதாக அவர் எழுதியுள்ளார். இத்தகைய கணிப்புகளுக்கென அவர் குழு வகுத்த ‘சார்ம்’ என்னும் நிரல்தொகுதி 1983இல் கட்டுரை வடிவில் விவரிக்கப்பட்டது.

2013இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசை மைக்கேல் லெவிட், அரியே வார்ஷல் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். அப்பரிசுக்குக் காரணமான, குவாண்டம் சித்தாந்தத்தையும் பழைய இயக்கவியலையும் இணைத்த முறையின் தோற்றத்தை 1972இல் அவரும் வார்ஷலும் எழுதிய கட்டுரையில் காண்போரும், 1976இல் வார்ஷலும் லெவிட்டும் எழுதியதில் காண்போரும் உளர்.

பிரான்சிலுள்ள ஸ்ட்ராஸ்பூர்க் சர்வகலாசாலையிலும் அவருக்கு ஆய்வுக்கூடம் இருந்தது. இளமையில் ஐரோப்பா எங்கும் லைக்கா காமிராவோடு அலைந்து எடுத்த வர்ணப் படங்கள் பல்லாண்டு பெட்டியில் கிடந்து, முதுமையில் கண்காட்சிகளில் இடம்பெற்றன. 2024 டிசம்பர் 28ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் காலமானார்.