தஞ்சாவூரா, கும்பகோணமா?

எங்கள் பாபநாசம் இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிறது. கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் கும்பகோணம். மேற்கே 25 கிலோமீட்டர் போனால் தஞ்சாவூர். அப்பா தஞ்சாவூர் கீழவாசலில் வளர்ந்தவர். அம்மா பிறந்தது கும்பகோணம் மேலக்காவேரியில். ஆகவே இந்த இரண்டு ஊர்ச் சண்டை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. எங்கள் வீட்டுத் திண்ணையில் மாதம் ஒருமுறை தவறாமல் நடந்தது.

மாமா ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்குவார். கையில் ஒரு கவுளி வெற்றிலையும் காபித்தூள் பொட்டலமும் இருக்கும். பாபநாசத்தில் கிடைக்கிற தூளில் போட்டால் அது கஷாயம், காபி இல்லை என்பது அவர் கட்சி. அப்பா விடமாட்டார்.

"மாப்ளே, பெரிய கோயில் விமானம் 216 அடி. உங்க ஊர்ல அண்ணாந்து பார்க்க என்ன இருக்கு?"

"ஏன், எங்க சாரங்கபாணி கோயில் கோபுரம் பதினோரு நிலை. அது போகட்டும் அத்தான், உங்க பெரிய கோயில் மேல மூவர் பாடின தேவாரம் ஒண்ணு சொல்லுங்க, கேட்போம்."

அப்பா வாயடைத்துப் போய்விடுவார். சம்பந்தர், அப்பர், சுந்தரர் காலத்துக்கெல்லாம் பிற்பட்டது அந்தக் கோயில். ராஜராஜன் அதைக் கட்டி முடித்தது 1010ல். கும்பகோணத்திலோ குடமூக்கு, கீழ்க்கோட்டம், காரோணம் என்று பாடல் பெற்ற தலங்கள் ஒரே ஊருக்குள் இருக்கின்றன. அடுத்த மாதம் அப்பா யாரிடமோ விசாரித்து வைத்துக்கொண்டு, "கருவூர்த்தேவர் திருவிசைப்பா பாடியிருக்காரே!" என்றார். மாமா வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடியே, "அது திருவிசைப்பா அத்தான், நான் கேட்டது தேவாரம்" என்றார்.

இருவரும் இப்போது இல்லை. பணி ஓய்வுக்குப் பிறகுதான் அவர்கள் சண்டையைச் சாவகாசமாக விசாரித்துப் பார்க்க எனக்கு நேரம் கிடைத்தது. கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வயது. இந்தக் கணக்கில் மாமா கட்சிதான் ஜெயிக்கிறது. சோழர்கள் தங்கள் செல்வத்தைக் குடந்தையில் காவலோடு வைத்திருந்த செய்தி அகநானூற்றில் வருகிறது. அந்தக் குடந்தை நம் கும்பகோணம்தான் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. தஞ்சாவூர் சோழர்களின் தலைநகரானது ஒன்பதாம் நூற்றாண்டில் விஜயாலயன் காலத்தில். அதற்கு முன் அது முத்தரையர் கையில் இருந்தது.

ஆனால் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்தால் வேறொரு விஷயம் தெரியும். ராஜராஜன் அந்தக் கோயிலில் ஆடவும் பாடவும் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தினான். ஒவ்வொருத்தியின் பெயரையும், எந்தக் கோயிலிலிருந்து வந்தாள் என்பதையும் கல்லில் வெட்டி வைத்தான். அந்தப் பட்டியலில் பழையாற்றுக் கோயில்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பழையாறை எங்கே இருக்கிறது? கும்பகோணத்துக்குப் பக்கத்தில், பட்டீஸ்வரத்தை ஒட்டி. தஞ்சாவூரில் கோயில் எழுந்தபோது அதில் ஆடிய கால்களில் பல கும்பகோணம் பக்கத்துக் கால்கள். அதே கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரர்களையும் அவன் நியமித்தான். பெரிய கோயிலுக்குத் தேவாரம் இல்லை என்று மாமா சொன்னது சரிதான். ஆனால் தேவாரத்தை நாள்தோறும் பாட இத்தனை பேரை வைத்ததும் அதே பெரிய கோயில்தான். இந்தப் பதில் அப்பாவுக்குத் தெரியாமல் போனதே என்று இன்றும் எனக்கு வருத்தம்.

அடுத்து நாயக்கர் காலம். தஞ்சை நாயக்கர்களிடம் அமைச்சராக இருந்த கோவிந்த தீட்சிதரை இரண்டு ஊரும் சொந்தம் கொண்டாடலாம். அவர் உத்தியோகம் தஞ்சாவூர் அரண்மனையில். அவரும் அவர் மனைவியும் சிலையாக நிற்பது பட்டீஸ்வரம் கோயிலில். மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களும் அவர் கைங்கரியம். கும்பகோணம் ராமசாமி கோயிலைக் கட்டியது தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர். அதாவது, கும்பகோணத்துக்காரர்கள் வெளியூர் விருந்தாளிகளைக் கூட்டிப்போய்ப் பெருமையாகக் காட்டும் பாதி இடங்களில் தஞ்சாவூர்ப் பணம் இருக்கிறது. தீட்சிதரை மக்கள் 'ஐயன்' என்றே அழைத்தார்களாம். தஞ்சாவூரில் உள்ள ஐயன் குளமும், இரண்டு ஊருக்கும் நடுவில் உள்ள ஐயம்பேட்டையும் அவர் பெயரால் வந்தவை என்பார்கள்.

இனி சாப்பாடு. அம்மா இந்த வாதங்களில் தலையிடமாட்டார். கோயில் சண்டை முற்றும்போது சமையலறையிலிருந்து, "இலை போட்டாச்சு" என்று ஒரு குரல் வரும். அதோடு சபை கலையும்.

பெரிய கோயில் கல்வெட்டுகளில் அமுதுபடிக்கான சாமான்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. அரிசி, பருப்பு, மிளகு, கடுகு, சீரகம், புளி, தயிர், நெய், பாக்கு, வெற்றிலை. ஒரு மளிகைச் சீட்டு மாதிரியே இருக்கும். அதில் மிளகாய் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. காபியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மிளகாயும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். ஐரோப்பியர் கப்பலேறி வந்த பிறகே நமக்குக் கிடைத்தன. ராஜராஜனுக்கு மிளகாய் வற்றல் போட்ட சாம்பாரும் தெரியாது, டிகிரி காபியும் தெரியாது. நாம் ஆயிரம் வருஷத்துப் பாரம்பரியம் என்று மார்தட்டும் சாப்பாட்டில் பல பதார்த்தங்களுக்கு அவ்வளவு வயதில்லை.

தஞ்சாவூர்ச் சமையலில் மராட்டியர் கை பலமாக இருக்கிறது. 1676 முதல் 1855 வரை அவர்கள் அங்கே இருந்தார்கள். சாம்பார் அவர்கள் அரண்மனை அடுப்பில் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. சாம்பாஜி பெயரால் சாம்பார் ஆயிற்றாம். கதையாகக் கேட்க நன்றாக இருக்கிறது. அதற்குமேல் அதை நம்பி நான் பந்தயம் கட்டமாட்டேன். ஆனால் பிட்லை, டாங்கர் பச்சடி, போளி போன்றவற்றில் மராட்டிய வாசனை இருப்பதை யாரும் மறுக்க முடியாது. உளுத்தம்மாவைத் தயிரில் கரைத்துத் தாளித்தால் டாங்கர் பச்சடி. பாட்டி வீட்டில் வாரம் ஒரு நாள் அது உண்டு. இரண்டாம் சரபோஜி காலத்துச் சமையல் குறிப்புகளைச் சரபேந்திர பாகசாஸ்திரம் என்ற பெயரில் சரசுவதி மகால் நூலகம் அச்சிட்டிருக்கிறது. அரசனுடைய சமையற்கட்டு ஏட்டில் ஏறியது. தஞ்சாவூருக்கு அந்தப் பெருமை உண்டு.

கும்பகோணத்துச் சாப்பாடு வேறு மாதிரி. அங்கே அரண்மனை இல்லை. வந்து போகிறவர்களின் ஊர் அது. கோயிலுக்கு வருகிறவர்கள், கோர்ட்டுக்கு வருகிறவர்கள், காலேஜில் படிக்க வருகிறவர்கள், பாத்திரமும் பட்டும் வாங்க வருகிறவர்கள். இவர்களுக்குக் காலையில் இரண்டு இட்லியும் ஒரு காபியும் வேண்டும். ஆகவே அந்த ஊரின் பெருமை ஓட்டலில் வளர்ந்தது. பால்மானி வைத்துப் பார்த்த கலப்படமில்லாத பாலால் 'டிகிரி' என்ற பெயர் வந்தது என்பது ஒரு விளக்கம். முதல் டிகாக்‌ஷனில் போட்டது என்பது இன்னொன்று. எதுவானாலும் பசும்பாலும் பித்தளை டபராவும்தான் அதன் லட்சணம். இன்று சென்னை நெடுஞ்சாலையில் வழிநெடுகக் கும்பகோணம் டிகிரி காபி என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். மாமா இருந்திருந்தால் ஒவ்வொரு கடையிலும் இறங்கிச் சண்டை போட்டிருப்பார்.

இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கடப்பாவையும் சொல்ல வேண்டும். பாசிப்பருப்பை வேகவைத்து, உருளைக்கிழங்கு சேர்த்து, தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு அரைத்துவிட்டுக் கொதிக்கவைப்பது. குழம்பும் இல்லை, குருமாவும் இல்லை. இதைக் கும்பகோணம் கடப்பா என்பார் மாமா. தஞ்சாவூர் கடப்பா என்பார் அப்பா. பேர் எதுவானாலும் இருவரும் ஆறு இட்லிக்குக் குறைந்து எழுந்ததில்லை.

வெற்றிலையிலும் இதே கதைதான். கும்பகோணம் வெற்றிலை என்று உலகம் முழுக்கப் பெயர். கொடிக்கால்கள் இருப்பதோ ஐயம்பேட்டை, ராஜகிரி, பாபநாசம், திருவையாறு என்று காவிரிப் படுகையில் பரவலாக. விளைவது நடுவில் உள்ள எங்கள் மண்ணில். பெயர் மட்டும் சந்தைக்கு. இதில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இத்தனையும் பார்த்த பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. தஞ்சாவூர் உண்டாக்கிய ஊர்; கும்பகோணம் கைவிடாமல் வைத்திருந்த ஊர்.

அரண்மனை ஆதரவில் தஞ்சை நால்வர், சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு, இன்று நாம் பரதநாட்டியக் கச்சேரியில் பார்க்கும் வரிசைமுறையை வகுத்தார்கள். 1855ல் ஆண் வாரிசு இல்லாமல் மன்னர் சிவாஜி இறந்ததோடு ராஜ்யம் முடிந்தது. ஆதரித்த கை போனதும் கலை எங்கே போகும்? அந்தப் பரம்பரையில் வந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளை, கும்பகோணத்துக்கு வடகிழக்கே உள்ள பந்தநல்லூர் என்ற சின்ன ஊரில் அதைக் காப்பாற்றிவைத்தார். ருக்மிணி தேவி அவரிடம்தான் கற்றுக்கொண்டார். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளைப் பார்க்க நாம் தஞ்சாவூர்க் கலைக்கூடத்துக்குப் போகிறோம். அதே முறையில் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, உலோகத்தை ஊற்றி இன்றும் வார்ப்பது கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில்.

ஏட்டுச்சுவடி சேர்த்ததில் சரசுவதி மகாலுக்கு ஈடில்லை. ஆனால் அச்சேறாத தமிழைத் தேடி அலைந்த உ.வே.சா. 1880ல் வேலைக்குச் சேர்ந்தது கும்பகோணம் காலேஜில். முன்சீபாக வந்திருந்த சேலம் ராமசுவாமி முதலியார் சிந்தாமணி தெரியுமா என்று அவரைக் கேட்டது அந்த ஊரில்தான். சைவரான ஐயர் அங்கே இருந்த சமணர் வீடுகளுக்குப் போய்ச் சந்தேகம் கேட்டார். 1887ல் சீவக சிந்தாமணி புத்தகமாக வந்தது. அதே காலேஜ் 1904ல் சேர்ந்த ராமானுஜனைக் கணக்கு தவிர மற்றதில் தேறவில்லை என்று கோட்டைவிட்டது. மாமாவிடம் அப்பா கடைசி ஆயுதமாக வைத்திருந்தது இதைத்தான்.

இப்போது இந்தச் சண்டை வேறு ரூபம் எடுத்திருக்கிறது. பழைய தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து 1991ல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997ல் திருவாரூர். 2020ல் மயிலாடுதுறையும் தனி மாவட்டமாகிவிட்டது. 1866ல் தஞ்சாவூரோடு ஒன்றாக நகராட்சியான கும்பகோணம், 2021ல் மாநகராட்சியானதே தவிர மாவட்டத் தலைநகராகவில்லை. ஒரு நாள் மாமா மகன் கையெழுத்துத் தாள்களோடு வந்து நின்றான். கும்பகோணம் மாவட்டம் வேண்டும், நீங்களும் போடுங்கள் அத்தான் என்றான்.

எனக்குக் கை வரவில்லை. பிறந்ததிலிருந்து எழுதிவந்த முகவரி, தஞ்சாவூர் மாவட்டம். கையெழுத்துப் போட்டால் அப்பாவை விட்டுக்கொடுத்த மாதிரி இருக்கும் என்று தோன்றியது. நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் நடந்துகொண்டே திருப்பாலைத்துறைக் கோயிலுக்குப் போனேன். அங்கே நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இருக்கிறது. செங்கல்லால் வட்டமாகக் கட்டி, உச்சியைக் கூம்பாக முடித்தது. சுமார் 3000 கலம் நெல் பிடிக்கும். சின்ன வயதில் அதன் சுவரில் காதை வைத்து எதிரொலி கேட்போம். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தஞ்சாவூர் அரண்மனையானாலும் கும்பகோணத்து ஓட்டலானாலும் இந்த நெல்லை வைத்துத்தானே அத்தனை பெருமையும் பேசின? விளைவித்தவன் எந்தப் பக்கத்துக்காரன் என்று யார் கேட்டார்கள்?

பந்தநல்லூரிலிருந்து ஒரு கிழவி பட்டா விஷயமாகக் கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டுமானால் 60 கிலோமீட்டருக்கு மேல் பஸ் மாறித் தஞ்சாவூர் போக வேண்டும். அவளுக்கு ஒரு நாள் கூலி போகும். ராஜராஜனோ சரபோஜியோ அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. மாவட்டம் என்பது ஆபீஸ் கணக்கு. எந்த ஊர் பெரியது என்பதற்கு அது தீர்ப்பு இல்லை. இதை அப்பாவும் ஒப்புக்கொண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் அவன் வந்தான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அப்பனைப் போலவே ஒரு கவுளி வெற்றிலை கொண்டுவந்திருந்தான். இட்லியும் கடப்பாவும் வைத்தோம். சாப்பிட்டுக்கொண்டே, "அத்தான், அசல் கும்பகோணம் கடப்பா" என்றான். நான் பழக்கதோஷத்தில், "தஞ்சாவூர் கடப்பா" என்று திருத்தினேன்.

உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "ரெண்டு பேரும் சும்மா சாப்பிடுங்க. கடப்பா எங்க மன்னார்குடியுது."