குளத்துக்குக் கூட்டம் இருக்கு, டவருக்கு?

வன்னியில ஒரு வீட்டுக்குப் போய் "வைஃபை இருக்கா?" எண்டு கேட்டுப் பாருங்கோ. "இருக்கு, ஆனா..." எண்டுதான் பதில் தொடங்கும். ஆனா, பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு இழுக்காது. ஆனா, ரவுட்டரை அந்த யன்னலடியில வைச்சால்தான் சிக்னல் எடுக்கும். ஆனா, மாதம் முடிய முதல் டேட்டா முடிஞ்சிடும். ஆனா, கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில டவரும் போயிடும்.

இந்த "ஆனா"க்கள் எல்லாம் எங்கயிருந்து வந்தன எண்டு தேடிப் பார்த்தால், அதுக்குள்ள ஒரு முப்பது நாற்பது வருச வரலாறு கிடக்கு. அதைத்தான் இஞ்ச சொல்லப் போறம்.

பூவரசங்குளம், வவுனியா நகரத்திலிருந்து மன்னார் வீதியால் மேற்கே போகும்போது வரும் ஊர். பேரிலேயே குளம் இருக்கு. இந்தப் பக்கத்து ஊர்களில வீட்டு இணையம் எண்டால் பெரும்பாலும் சிம் போட்ட ஒரு சின்ன ரவுட்டர்தான். கைத்தொலைபேசிக்கு வரும் அதே டவர் சிக்னலைப் பிடிச்சு, வீடு முழுக்க வைஃபையாகப் பிரிச்சுக் குடுக்கும். நகரத்தில வீட்டு வாசல் வரை கம்பி வரும், பைபர் வரும். எங்களுக்கு டவர் வரை வரும், மிச்சத் தூரத்தைக் காற்றில கடக்கோணும்.

இதை "கிராமத்துக்கும் தொழில்நுட்பம் வந்திட்டுது" எண்டு சொல்லுறது ஒரு விதம். "கிராமத்துக்குக் கம்பி வரவே இல்லை" எண்டு சொல்லுறது இன்னொரு விதம். ரெண்டும் உண்மைதான். ஆனால் இரண்டாவதை ஆரும் அதிகம் சொல்லுறதில்லை.

*கம்பி ஏன் வரவில்லை?*

முதல் காரணம் கணக்கு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் சுமார் 92,000 பேர். பரப்பளவு 2,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். அதாவது ஒரு சதுர கிலோமீற்றருக்கு 40 பேர் கூட இல்லை. வவுனியா மாவட்டத்தில் அது 100க்கும் குறைவு. கொழும்பு மாவட்டத்திலோ 3,000க்கும் மேல். கொழும்பில் ஒரு கிலோமீற்றர் கம்பி இழுத்தால் நூற்றுக்கணக்கான வீடுகள் மாதாமாதம் பில் கட்டும். இஞ்ச ஒரு கிலோமீற்றர் இழுத்தால் நாலு வீடும் ஒரு வயல்வெளியும் ஒரு துண்டுக் காடும் வரும்.

இரண்டாவது காரணம் யுத்தம். 1989இல் செல்டெல் நிறுவனம் இலங்கையில் கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. தெற்காசியாவிலேயே அதுதான் முதல். 1995இல் கொழும்பில் வணிக ரீதியான இணையச் சேவை தொடங்கியது. இன்று டயலொக் எண்டு நாங்கள் அறியும் வலையமைப்பும் அதே ஆண்டுதான் ஜிஎஸ்எம் சேவையோடு வந்தது. அதே 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணம் வலிகாமத்திலிருந்து லட்சக்கணக்கான சனம் ஒரே இரவில வெளிக்கிட்டது. அதில பெரும் பகுதி பிறகு வன்னிக்குள்ள வந்து சேர்ந்தது. கொழும்பு இணையத்துக்குள்ள நுழைந்த ஆண்டில, வன்னி குப்பி விளக்கில இருந்தது.

அந்தக் காலத்து ஆக்களிட்ட கேட்டால் இன்னொரு கதை சொல்லுவினம். சைக்கிள் டைனமோவைச் சுத்திச் சுத்தி ரேடியோ கேட்ட கதை. பிபிசி தமிழோசை தெளிவாக் கேக்கோணும் எண்டு மரத்தில வயர் கட்டின கதை. வெளிநாட்டில இருக்கும் பிள்ளையோட கதைக்க, பாஸ் எடுத்து வவுனியா ரவுணுக்கு வந்து, கொமினிகேசன் கடையில மணித்தியாலக் கணக்கில காத்திருந்த கதை. பூவரசங்குளத்தைக் கடந்து போகும் மன்னார் வீதியே 1997இல் "எடிபல" எண்ட படை நடவடிக்கைக்குப் பிறகுதான் இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள்ள வந்தது. அப்படியான பாதை வழியே தொலைபேசிக் கம்பி இழுக்க ஆர் வருவினம்?

*கம்பி இல்லாத லேண்ட் போன்*

நாட்டின் மற்றப் பகுதிகளிலும் நிலைமை திறமா இருந்ததெண்டு சொல்ல ஏலாது. தொண்ணூறுகளில் ஒரு லேண்ட் போன் இணைப்புக்கு விண்ணப்பிச்சால் வருசக்கணக்கில காத்திருக்கோணும். அந்த நெருக்கடியைத் தீர்க்க 1996இல் சண்டெல், லங்கா பெல் எண்ட இரண்டு நிறுவனங்களுக்கு கம்பியில்லாமல் நிலையான தொலைபேசி வழங்க அனுமதி கிடைச்சது. வீட்டுக்கு வீடு செப்புக் கம்பி இழுக்கிறதுக்குப் பதிலா, கடைசித் தூரத்தை மட்டும் ரேடியோ அலையால கடக்கிறதுதான் யோசனை.

இந்த யோசனை கிராமத்துக்குப் பரவலாகப் போனது 2005க்குப் பிறகு, சீடிஎம்ஏ போன் வந்தபோதுதான். உங்கட அம்மம்மா வீட்டில ஒண்டு இருந்திருக்கலாம். பார்த்தால் மேசைத் தொலைபேசி மாதிரியே இருக்கும், பின்னால ஒரு குட்டி அன்டெனா நிமிர்ந்து நிக்கும். அதைக் கணினியோட இணைச்சு இணையமும் பார்க்கலாம். உச்ச வேகமே செக்கனுக்கு 153 கிலோபிட்தான். ஒரு படம் திறக்கிறதுக்குள்ள தேத்தண்ணி போட்டுக் குடிச்சிடலாம்.

இண்டைக்கு எங்கட வீட்டு மூலையில பச்சை லைட் போட்டுக்கொண்டிருக்கும் 4ஜி ரவுட்டருக்கு அந்த சீடிஎம்ஏ போன்தான் மூத்த அக்கா. "நகரத்துக்குக் கம்பி, கிராமத்துக்கு அலை" எண்ட பிரிவு அப்பவே உறுதியாயிட்டுது.

*கொக்காவில்*

ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் கொக்காவில் இருக்கு. ரூபவாஹினி தொலைக்காட்சியை வடக்குக்கு அனுப்பும் கோபுரம் ஒருகாலம் அங்க நின்றது. 1990 ஜூலையில் கொக்காவில் இராணுவ முகாம் விழுந்தபோது அந்தக் கோபுரமும் போனது. யுத்தம் முடிஞ்ச பிறகு, 2011 ஜூன் மாதத்தில் அதே இடத்தில் 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் திறக்கப்பட்டது.

மீள்குடியேற்றம் எண்டால் முதலில தகரக் கொட்டில், பிறகு கிணறு துப்பரவாக்கிறது, பிறகு வீட்டுத்திட்டம் எண்டு ஒரு வரிசை இருந்தது. அந்த வரிசைக்குள்ள கைத்தொலைபேசி நிறுவனங்களின் டவர்கள் வேகமா நுழைஞ்சன. பல ஊர்களில வீட்டுக்குக் கரண்ட் வர முதலே கையில போன் வந்திட்டுது. பூவரசங்குளத்துக்கு அப்பால் செட்டிகுளத்துப் பக்கம் இருந்த மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அதே 2012இன் இறுதியில்தான் இலங்கையில் வீட்டுப் பாவனைக்கான 4ஜி இணையம் வணிக ரீதியாகத் தொடங்கியது. 2013இல் அது கைத்தொலைபேசிக்கும் வந்தது. மெல்ல மெல்ல வன்னிக்கும் வந்து சேர்ந்தது.

*டவரும் ஒரு குளம்தான்*

இனி, பின்னேரம் ஏழு மணிக்கு ஏன் இழுக்காது எண்ட கேள்விக்கு வருவம்.

பைபர் எண்டது உங்கட வளவுக்குள்ள இருக்கும் கிணறு மாதிரி. நீங்கள் அள்ளுறதால பக்கத்து வீட்டுக் கிணறு பெரிசா இறங்காது. டவர் அப்படியில்லை. டவர் ஒரு குளம். எல்லா வயலுக்கும் அதில இருந்துதான் தண்ணி போகோணும்.

சாதாரண 4ஜியில் 20 மெகாஹேர்ட்ஸ் அகலமான ஒரு அலைவரிசையின் உச்ச வேகம் செக்கனுக்கு சுமார் 150 மெகாபிட். இது அந்த டவரின் ஒரு பக்கம் முழுக்கப் பங்குபோட வேண்டிய அளவு. ஒரே நேரத்தில 50 வீடு படம் பார்க்கத் தொடங்கினால், எல்லாம் சரியா நடந்தாலும் வீட்டுக்கு 3 மெகாபிட்தான். விடியப்புறம் மூண்டு மணிக்குப் பறக்கும் இணையம் பின்னேரம் ஊர்ந்து போறது இதாலதான். நிறுவனங்கள் மலிவா "நைட் டேட்டா" தாறதும் இதாலதான். ஆக்கள் நித்திரை கொள்ளேக்க குளத்தில தண்ணி சும்மா கிடக்கு.

வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயலுக்கு என்ன நடக்கும் எண்டு வன்னிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. டவரிலிருந்து தூரத்தில இருக்கும் வீட்டுக்கும் அதேதான். சிக்னல் பலவீனமா இருந்தால், அதே அளவு தகவலை அனுப்ப டவருக்கு அதிக நேரம் செலவாகும். தூரத்து வீடு தானும் குறைவா எடுக்கும், அதுக்கிடையில எல்லாருடைய பங்கிலும் கொஞ்சம் குறையும். வீட்டு 4ஜி சேவைகளுக்குப் பெரும்பாலும் பயன்படும் 2300, 2600 மெகாஹேர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசைகள், 900 மெகாஹேர்ட்ஸ் மாதிரி தூரம் போகாது. மரத்தையும் சுவரையும் கடக்கக் கஷ்டப்படும்.

அதால வீட்டுக்கு வெளியில, உயரத்தில, டவரைப் பார்த்து ஒரு அன்டெனா பூட்டுறது நல்ல வேலை. உங்களுக்கும் நல்லது, டவரின் நேரம் மிச்சமாவதால ஊருக்கும் நல்லது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில சிக்னல் பலம் மைனஸ் எண்ணில காட்டும். மைனஸ் 80 எண்டால் திறம், மைனஸ் 110க்குக் கீழ எண்டால் மோசம். அன்டெனாவிலிருந்து ரவுட்டர் வரை நீளமான மெல்லிய வயர் இழுத்தால் கிடைச்ச சிக்னல் வயருக்குள்ளயே போயிடும், இதைக் கவனிக்கோணும். இடி மின்னல் நேரம் கழட்டி வைக்கவும் வேணும். சில கடைகளில விக்கும் "பூஸ்டர்" வேற கதை. அனுமதியில்லாமல் அதைப் பூட்டினால் டவருக்கே இரைச்சல் போய் எல்லாருக்கும் கெடும். வாய்க்காலை இரவில களவா வெட்டி விடுறது மாதிரித்தான்.

*வகுப்பறை மலை ஏறின வருசங்கள்*

2020, 2021 கொரோனாக் காலத்தில பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டபோதுதான் "கவரேஜ் இருக்கு" எண்ட சொல்லின் உண்மை வெளியில வந்தது. பதுளை மாவட்டத்து பொஹிட்டியாவ கிராமத்தில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சிக்னல் தேடிக் காடு கடந்து பாறை ஏறினது உலகச் செய்தியானது. கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோகும் "கமட்ட சன்னிவேதனய" திட்டம் அந்தக் காலத்தில்தான் பேசப்பட்டது. பிறகு 2022 வந்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. டீசலும் இல்லை. கரண்ட் இல்லாத இடத்தில டவரும் ஊமையானது.

வேற வழிகளைத் தேடினவையும் இருக்கினம். எங்களுக்குத் தெற்கே, வில்பத்துக் காட்டோரம் இருக்கும் மகாவிலச்சிய கிராமத்தில் 2006இல் வீடுகளை வைஃபை வலையால ஒண்டோடொண்டு இணைச்சார்கள். நேபாளத்தில் மகாபீர் புன் எண்ட ஆசிரியர் நாங்கி எண்ட மலைக் கிராமத்துக்கு மலைக்கு மலை வைஃபை கடத்தி, 2007இல் மகசேசே விருது பெற்றார். இரண்டிலும் ஒரு இணைப்பை ஊரே சேர்ந்து பங்குபோட்டது. மறுபக்கம், 2015இல் கூகிளின் "லூன்" பலூன்கள் முழு இலங்கைக்கும் இணையம் தரும் எண்டார்கள். 2016இல் ஒரு பலூன் சோதனைக்கு வந்தது. அலைவரிசைச் சிக்கலில இழுபட்டு, 2021இல் கூகிளின் தாய் நிறுவனம் திட்டத்தையே மூடியது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் வந்திருக்கு. ஆனால் அதன் மாதக் கட்டணத்தை ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டில வைச்சு யோசிச்சுப் பாருங்கோ.

*நாங்கள் கேக்க வேண்டியது*

சிம் ரவுட்டர் கூடாது எண்டு நாங்கள் சொல்லவில்லை. அது இல்லாட்டி எங்கட பிள்ளைகள் பலர் ஒன்லைன் வகுப்பையே கண்டிருக்க மாட்டினம். ஆனால் அதைக் காட்டி "வன்னிக்கும் இணையம் குடுத்தாச்சு" எண்டு கணக்கை மூடுறதை ஏற்க ஏலாது.

குளம் எண்டால் எங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு. இரணைமடு எண்டாலும் சின்னக் குளம் எண்டாலும், சிறுபோகத்துக்கு முதல் கூட்டம் நடக்கும். எவ்வளவு தண்ணி இருக்கு, எத்தின ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு எப்ப திறக்கிறது எண்டு அதிகாரிகளும் கமக்காரரும் முகத்துக்கு முகம் பேசித் தீர்மானிப்பினம். சண்டையும் வரும். ஆனால் கடைசி வாய்க்கால்காரனுக்கும் எழும்பி நிண்டு கேக்க ஒரு இடம் இருக்கு. டவரைப் பற்றி அப்படியொரு கூட்டத்துக்கு எங்களை ஆரும் கூப்பிட்டதில்லை.

கேக்கிறதுக்கு வழி இல்லாமலும் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் எந்தப் பிரஜையும் கேள்வி கேட்கலாம். எங்கட டவருக்கு பைபர் வந்திருக்கா? கரண்ட் போனால் பற்றரி எத்தின மணித்தியாலம் தாங்கோணும் எண்டு ஏதாவது விதி இருக்கா? மன்னார் வீதியோரக் கிராமங்களுக்கு வீட்டுக் கம்பி எந்த ஆண்டுத் திட்டத்தில இருக்கு? இந்த மூண்டு கேள்வியையும் ஒரு தாளில எழுதி அனுப்ப அரை மணித்தியாலம் காணும். தமிழிலேயே எழுதலாம். உங்கட ஊர் வாசிகசாலையில, விளையாட்டுக் கழகத்தில நாலு பேர் சேர்ந்து எழுதுங்கோ. வாற பதிலை எங்களுக்கும் அனுப்புங்கோ, ஊர் ஊராகச் சேர்த்து வைப்பம்.