அயர்லாந்துச் சமய ஆவணங்களும் சென்னை வடகடற்கரையும்

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையே கடலோரத்தில் அமைந்த ஊர் எர்ணாவூர். அதற்குத் தெற்கே ஒற்றியூர்க் கோயிற் சுவர்களில் இராட்டிரகூடர், சோழர் காலக் கல்வெட்டுகள் பல உள. ஆயிரம் ஆண்டுகட்கு முன் அக்கோயிற்குக் கொடை அளித்தோர் பெயர்களை இன்றும் படித்தறியலாம். ஆயின் நூற்றைம்பது ஆண்டுகட்கு முன் இதே கரையில் படகு செலுத்தியோரையும் வலை வீசியோரையும் பெயர் சுட்டி அறிதல் அரிதாக உள்ளது. அவர் காலத்துச் சென்னையைப் பற்றிய எழுத்துகளுள் ஒரு பகுதி அயர்லாந்தில் சமய நிறுவனங்களின் காப்பகங்களில் உள்ளது. அதனைத் தமிழ் ஆராய்ச்சியாளர் எவ்வாறு பயன்கொள்ளலாம் என்பதே ஈண்டு எம் வினா.

சென்னையின் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் அயர்லாந்துக்கும் உண்டான தொடர்பு 1834-இல் தானியேல் ஓ'கானர் அப்போஸ்தலிக்க விகாரியராக அமர்த்தப்பெற்றதனோடு வலுப்பெற்றது. அவருக்குப் பின் மேனூத்துக் கல்லூரிப் பேராசிரியராயிருந்த கேரியூ வந்தார். அவர் கல்கத்தாவுக்குச் சென்றபின் அதே கல்லூரியின் பொருளாளராயிருந்த சான் பென்னெல்லி 1841-இல் பொறுப்பேற்றார். பின்னர் அவர் தம்பி ஸ்டீபன் பென்னெல்லியும், 1911 வரை கோல்கனும் இருந்தனர். எல்லாரும் அயர்லாந்தினரே. 1842-இன் தொடக்கத்தில் பிரான்சிசு சேவியர் கரன் அம்மையார் தலைமையில் பிரசன்டேஷன் சபைக் கன்னியர் சென்னையை அடைந்து கருப்பர் நகரத்தில் பள்ளி தொடங்கினர். அதே ஆண்டு டப்ளினில் அயல்நாட்டுப் பணிக்குக் குருமாரைப் பயிற்றுவதற்கென ஆல் ஹாலோஸ் கல்லூரி நிறுவப்பெற்றது. ஆகவே மடல்கள் செல்வதற்கும் சேர்வதற்கும் இடங்கள் அமைந்தன.

அயர்லாந்தினர்க்கே இச்சமயக் காப்பகங்கள் மிக இன்றியமையாதன. 1922-ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் டப்ளின் பொது ஆவண நிலையம் எரிந்தபோது, பல நூற்றாண்டு ஏடுகள் சாம்பலாயின. மடங்களிலும் பங்குகளிலும் தனியே காக்கப்பெற்றவை அத்தீக்குத் தப்பின. அவற்றோடு சென்னைச் செய்திகளும் பிழைத்தன எனல் தகும். கார்க் நகரில் நானோ நேகிள் அம்மையார் 1775-இல் தொடங்கிய இடத்திலேயே இன்று அக்கன்னியர் சபையின் காப்பகம் உள்ளது.

எனினும் இவ்வாவணங்களை அப்படியே ஏற்றல் ஆகாது. பிரசன்டேஷன் சபை 1805-இல் அடைப்புமட ஒழுக்கத்தை மேற்கொண்டது. கன்னியர் மடத்தின் மதிலைக் கடந்து செல்லார். எனவே அக்காலத்து மட நாளேடுகள் பள்ளிச் சிறுமியரைப் பற்றியும் மடத்து நோயைப் பற்றியும் நன்கு கூறவல்லன. கடற்கரைக் குப்பங்களைப் பற்றிக் கூறின், அது பிறர் சொல்லக் கேட்டதாகவே இருத்தல் கூடும். மேலும், 1845 முதல் சில ஆண்டுகள் அயர்லாந்தில் கொடும்பஞ்சம் நிலவிற்று. அவ்வாண்டுகளில் இங்கிருந்து சென்ற மடல் எதனையும், பெறுவோர் பட்ட பசியை நினைவிற்கொண்டே படித்தல் வேண்டும்.

நிழற்படங்களுக்கு வேறொரு வரையறை உண்டு. கன்னியர் கரையேறிய காலத்தில் நிழற்படக் கலை தோன்றி மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. 1851-க்குப் பின் பரவிய ஈரத்தட்டு முறையிலும் படம் பிடிக்கப்படுவோர் சில நொடிகள் அசையாதிருத்தல் வேண்டும். மடத்து முற்றத்தில் வரிசையாய் அமர்ந்தோர் தெளிவாகப் பதிவர். ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகை அலையில் செலுத்துவோர் மங்குவர். சென்னையில் துறைமுகம் இல்லாத அந்நாளில் கன்னியரையும் அவர்தம் மடல்களையும் கரை சேர்த்தவர் இப்படகோட்டிகளே. படத்தில் அவர் இல்லாமை கருவியின் குறையாகவும் இருக்கலாம். அதனைப் புறக்கணிப்பென்று மட்டும் முடிவு செய்தல் பொருந்தாது.

தமிழறிவு பெரிதும் வேண்டப்படும் இடம் பெயர்களே. இலத்தீனில் எழுதுவோர் ‘பெத்ருஸ்’ எனக் குறித்தவர் தம் வீட்டில் இராயப்பன், ‘பவுலுஸ்’ சின்னப்பன், ‘யோவான்னெஸ்’ அருளப்பன், ‘யோசேபுஸ்’ சூசை. படகோட்டிகளின் பொருளால் எழுந்த கோயிலையுடைய இராயபுரமே இராயப்பர் பெயரால் வழங்குவது. அயல்நாட்டுக் காப்பாளர் இவற்றை வெவ்வேறு ஆட்களாகக் கொள்ளவும் கூடும். தந்தை பெயர், மணத்துணை, ஊர் ஆகிய மூன்றையும் ஒத்துநோக்கியன்றி ஒருவரை இன்னாரெனத் துணிதல் இயலாது. இவையோ இங்குள்ள பங்குகளின் ஞானத்தீக்கை, திருமண ஏடுகளிலேயே தேடற்குரியன. கடற்காற்றும் செல்லும் அவ்வேடுகளை அரித்துவருதல் கண்கூடு.

ஆகலின் கார்க்குக்கோ டப்ளினுக்கோ செல்ல விழையும் முதுகலை மாணவர், அதற்கு முன் அர்மேனியன் தெருவிலிருந்து எண்ணூர்வரை உள்ள பங்குகளின் பழைய ஏடுகளைப் பார்த்து, ஒவ்வொரு பெயர்க்கும் இலத்தீன் வடிவும் தமிழ் வடிவுமாக ஓர் அடைவு அமைத்துக்கொண்டு செல்க. எர்ணாவூர்க் குடும்பங்களிடத்தும் மூத்தோர் பெயர் கேட்டு எழுதிக்கொள்க; பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் அங்கு இத்தேடலுக்குத் துணைசெய்யும்.