ரூபாய்க்கு ஓர் அணா: தொழிலாளர் வைப்பு நிதியின் வரலாறு

ஓய்வு பெறும் ஊழியருக்கு வேலை கொடுத்தவரே ஒரு தொகை தரும் வழக்கம் இந்தியாவில் அரசாங்க அலுவலகங்களிலும் ரயில்வேயிலும்தான் முதலில் நிலைபெற்றது. பென்ஷன் உரிமை இல்லாத ஊழியர்களுக்காகச் சம்பளத்தில் மாதாமாதம் ஒரு பங்கைப் பிடித்துச் சேர்த்து, வேலையை விட்டுப் போகும்போது வட்டியோடு கொடுக்கும் முறைக்கு 'பிராவிடண்ட் ஃபண்ட்' (பி.எஃப்.), அதாவது வைப்பு நிதி, என்று பெயர். இந்த நிதிகளைப் பற்றிய முதல் சட்டம் 1897இல் வந்தது. 1925இல் வந்த சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. கடன் கொடுத்தவர் நீதிமன்றத்துக்கே போனாலும் இந்தப் பணத்தை ஜப்தி செய்ய முடியாது என்பது அச்சட்டம் தந்த பெரிய பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பு பின்னாளில் ஆலைத் தொழிலாளர் சட்டத்திலும் இடம்பெற்றது.

தனியார் ஆலைகளில் நிலைமை வேறு. அங்கே இது முழுக்க முதலாளியின் மனதைப் பொறுத்தது. ஜாம்ஷெட்பூரின் டாடா இரும்பு எஃகு ஆலை 1920இல் தன் தொழிலாளர்களுக்கு வைப்பு நிதியைத் தொடங்கியது; 1937இல் ஓய்வுபெறும்போது தரும் பணிக்கொடையையும் சேர்த்தது. இப்படிப்பட்ட நிறுவனங்கள் மிகச் சில. பெரும்பாலான பஞ்சாலைகளிலும் சணல் ஆலைகளிலும் உடலில் வலு இருக்கும்வரை வேலை. அது குறைந்ததும் சொந்த ஊர், பிள்ளைகள், இருந்தால் கொஞ்சம் நிலம். முதுமைக்கான ஏற்பாட்டைக் கிராமத்துக் குடும்பமே சுமந்தது. ஆலை அதில் பங்கெடுக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் முதலில் அசைந்தது நிலக்கரித் துறை. 1948இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கென வைப்பு நிதி, போனஸ் சட்டம் இயற்றப்பட்டது. மற்றத் தொழில்களுக்கும் அதை விரிவாக்கலாமா என்று யோசித்தபோது, அரசின் முன் மூன்று வழிகள் இருந்தன: ஓய்வூதியம், பணிக்கொடை, வைப்பு நிதி. எதைத் தேர்ந்தார்கள், ஏன் தேர்ந்தார்கள் என்பதை 1952 சட்ட மசோதாவின் நோக்க விளக்கமே சொல்கிறது. தொழில்வளம் மிக்க நாடுகளைப்போல முதியோருக்கும் வாரிசுகளுக்கும் ஓய்வூதியம் தருவதுதான் சிறந்த வழி. ஆனால் இந்தியாவின் அன்றைய நிலையில் அதை அண்மைக் காலத்தில் எண்ணிப் பார்க்க இயலாது. பணிக்கொடை என்றால் தொழிலாளி தன் பங்கைச் செலுத்துவதில்லை, ஆகவே கிடைக்கும் தொகை சிறியதாகிவிடும். எஞ்சியது, தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கட்டும் கட்டாய வைப்பு நிதி. அது தொழிலாளியிடம் சேமிக்கும் பழக்கத்தை வளர்க்கும் என்ற நம்பிக்கையும் அந்த விளக்கத்தில் இருக்கிறது.

ஆக, வைப்பு நிதி இரண்டாம் தெரிவு என்பதை அதைக் கொண்டுவந்தவர்களே எழுதி வைத்தார்கள். பிற்காலச் சிக்கல்களில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. ஒரே தடவையில் கையில் கிடைக்கும் சேமிப்பும், சாகும்வரை மாதாமாதம் வரும் ஓய்வூதியமும் வெவ்வேறு தேவைகளுக்கானவை. முதலாவதை ஏற்படுத்திவிட்டு, இரண்டாவதைப் பிறகு அதற்குள்ளிருந்தே வெட்டியெடுக்க நேர்ந்தது.

1951 நவம்பர் 15இல் அவசரச் சட்டம், 1952 மார்ச் 4இல் முழுச் சட்டம், அதே ஆண்டு நவம்பர் 1 முதல் திட்டம் நடைமுறை. சிமென்ட், சிகரெட், பொறியியல் பொருட்கள், இரும்பு எஃகு, காகிதம், ஜவுளி ஆகிய ஆறு தொழில்களில், 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளுக்கு மட்டும் இது பொருந்தியது. ஜவுளியும் சிமென்ட்டும் பட்டியலில் இருந்ததால் கோவை, மதுரைப் பஞ்சாலைகளும் மதுக்கரை, டால்மியாபுரம் சிமென்ட் ஆலைகளும் தொடக்கத்திலேயே இதற்குள் வந்தன. மாதச் சம்பளம் 300 ரூபாய்க்குள் இருப்பவர் ஓராண்டு வேலை பார்த்த பின் உறுப்பினர் ஆவார். அவருடைய பங்கு ஆறேகால் சதவீதம், முதலாளியின் பங்கும் அவ்வளவே. பதினாறு அணா கொண்ட ரூபாயில் சரியாக ஓர் அணா. முதலாண்டில் வட்டி 3 சதவீதம். சில ஆண்டுகளிலேயே வேலையை விட்டவருக்கு முதலாளியின் பங்கு முழுதாகக் கிடைக்காது. ஒரு பகுதி நிதிக்கே பறிபோகும். நீண்டகாலம் ஒரே இடத்தில் இருக்கும் தொழிலாளியை மனதில் வைத்து எழுதப்பட்ட விதி அது. பின்னாளில் அது கைவிடப்பட்டது.

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் திட்டம் எல்லாப் பக்கமும் விரிந்தது. 50 பேர் என்ற வரம்பு 1960இல் 20 ஆனது. தேயிலை, காபி, ரப்பர்த் தோட்டங்கள் 1957இல் வந்தன. பங்கு விகிதம் படிப்படியாக ஏறி 1997இல் 12 சதவீதத்தில் நின்றது. புதிதாகத் தொடங்கும் நிறுவனங்களுக்குச் சில ஆண்டுகள் தரப்பட்ட விலக்கும் அதே ஆண்டு நீங்கியது. சம்பள உச்சவரம்பு 300இலிருந்து 500, 1,000, 1,600 என்று நகர்ந்து 2001இல் 6,500 ரூபாயை எட்டியது.

இந்த விரிவாக்கத்தில் தனியே சொல்ல வேண்டியது பீடித் தொழில். 1977இல் அதற்கும் சட்டம் நீட்டிக்கப்பட்டபோது உற்பத்தியாளர்கள் எதிர்த்தார்கள். ஒப்பந்தக்காரரிடம் இலையும் தூளும் வாங்கிப்போய் வீட்டில் உட்கார்ந்து சுற்றும் பெண் எங்கள் ஊழியர் அல்ல என்பது அவர்கள் வாதம். 1985இல் பி.எம். பட்டேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சுற்றிய பீடியைத் தரம் பார்த்துக் கழிக்கும் உரிமை உற்பத்தியாளரிடம் இருக்கிறது; அந்த அளவு கட்டுப்பாடே வேலை உறவை நிறுவப் போதும் என்றது. திருநெல்வேலி, வேலூர்ப் பகுதிகளில் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்து உழைத்த பெண்களுக்குப் பி.எஃப். உரிமையை உறுதி செய்த தீர்ப்பு இது. ஆலைக் கதவுக்குள் நடப்பது மட்டுமே வேலை என்ற எண்ணத்தை உடைத்ததற்காக, இந்தியத் தொழிலாளர் சட்ட வரலாற்றில் இதற்குக் கிடைத்திருக்க வேண்டிய புகழ் இன்னும் கிடைக்கவில்லை.

தொழிலாளர்கள் இந்த நிதியைத் தங்கள் வழியில் பயன்படுத்திக்கொண்டார்கள். வீடு கட்ட, மனை வாங்க, பிள்ளைகளின் படிப்புக்கு, திருமணத்துக்கு, பெரிய நோய்க்கு என முன்பணம் எடுக்கத் திட்டமே இடம் கொடுத்தது. வேலையை விட்டு இரண்டு மாதம் கழித்துக் கணக்கை முடித்து மொத்தப் பணத்தையும் வாங்கிக்கொள்ள முடிந்தது. வேறு சேமிப்போ வங்கிக் கடனோ எட்டாத குடும்பத்துக்கு இதுவே ஒரே பெரிய தொகை. ஓய்வு பெறும் நாளில் கணக்கில் மிச்சம் குறைவாக இருந்தது என்றால், அதைத் தொழிலாளியின் ஊதாரித்தனமாகப் பார்ப்பது நியாயம் இல்லை. வாழ்நாள் முழுவதற்குமான காப்பீடு, கடன், சேமிப்பு எல்லாவற்றையும் ஒரே கணக்கு தாங்கியது.

வைப்பு நிதியின் குறை முதலில் வெளிப்பட்டது இளம்வயது மரணங்களில். நாலைந்து ஆண்டு வேலை செய்து இறந்தவரின் கணக்கில் இருப்பது மனைவி, பிள்ளைகளுக்கு எத்தனை மாதம் வரும்? இதற்காக 1971 மார்ச்சில் குடும்ப ஓய்வூதியத் திட்டம் வந்தது. இரு தரப்புப் பங்கிலிருந்தும் 1.16 சதவீதம் எடுத்து, அரசும் அதே அளவு சேர்த்தது. 1972இல் பணிக்கொடைச் சட்டம்: ஐந்தாண்டு தொடர்ந்து பணிபுரிந்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். கேரளமும் மேற்கு வங்கமும் இதற்கு முன்பே தத்தம் சட்டங்களை இயற்றியிருந்தன. 1976இல் வைப்பு நிதியோடு இணைந்த காப்பீடும் வந்து சேர்ந்தது.

பெரிய திருப்பம் 1995 நவம்பர் 16. அன்று நடைமுறைக்கு வந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டம், குடும்ப ஓய்வூதியத்தைத் தன்னுள் இழுத்துக்கொண்டு, ஓய்வு பெறும் தொழிலாளிக்கே மாதாந்தரப் பென்ஷன் தந்தது. 1952இல் எண்ணிப் பார்க்க இயலாது என்று ஒதுக்கப்பட்டது 43 ஆண்டுகள் கழித்து வந்தது. ஆனால் இதற்கென முதலாளி புதிதாக எதுவும் கட்டவில்லை. ஏற்கெனவே தொழிலாளியின் கணக்கில் சேர்ந்துகொண்டிருந்த முதலாளி பங்கிலிருந்து 8.33 சதவீதம் ஓய்வூதிய நிதிக்குத் திருப்பப்பட்டது. மத்திய அரசு 1.16 சதவீதம் தந்தது. தங்கள் சேமிப்பையே வெட்டித் தங்களுக்குப் பென்ஷனாகத் தருகிறார்கள் என்று தொழிற்சங்கங்கள் பல எதிர்த்தன. வழக்குகள் நடந்தன, 2003இல் உச்ச நீதிமன்றம் திட்டம் செல்லும் என்றது.

பென்ஷன் கணக்கு எளிது: சராசரிச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். குறைந்தது பத்தாண்டுப் பணி, வயது 58. 20 ஆண்டோ அதற்கு மேலோ பணிபுரிந்தால் இரண்டு ஆண்டு கூடுதலாகச் சேரும். 15,000 ரூபாய் சம்பளத்துக்கு 30 ஆண்டு பங்கு கட்டியவருக்கு மாதம் சுமார் 6,850 ரூபாய் வரும். இதில் முக்கியமான குறை, விலைவாசியோடு இந்தத் தொகை ஏறுவதில்லை என்பது. அரசு ஓய்வூதியருக்கு அகவிலைப்படி உண்டு. ஆலைத் தொழிலாளிக்கு இல்லை. உறுதி செய்த பென்ஷனைச் சந்திக்க நிதி போதவில்லை என்று ஆண்டு மதிப்பீடுகள் காட்டியதைக் காரணம் சொல்லி உயர்வுகள் மறுக்கப்பட்டன. 2014 செப்டம்பரில்தான் மாதம் 1,000 ரூபாய் என்ற குறைந்தபட்ச வரம்பு வந்தது. வாழ்நாள் உழைப்புக்கு 1,000 ரூபாய் என்பதைக் குறைந்தபட்சம் என்று அழைக்கவே தயங்க வேண்டும்.

வட்டியின் கதை வேறு. 1989-90 முதல் பத்தாண்டுகளுக்கு மேல் 12 சதவீதம் என்ற உச்சத்தில் இருந்தது. நாட்டில் வட்டி விகிதங்கள் இறங்கத் தொடங்கியதும் இதுவும் இறங்கி, 2021-22இல் 8.1 சதவீதம் ஆனது, 2023-24இல் 8.25. அரசுப் பத்திரங்களே முதலீட்டின் முதுகெலும்பு. 2015 ஆகஸ்டில் புதிதாக வரும் பணத்தில் 5 சதவீதம் பங்குச்சந்தைக் குறியீட்டு நிதிகளில் போடப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அது 15 சதவீதம் ஆனது.

இவ்வளவு விதிகளையும் செல்லாக்காசாக்கும் சூழ்ச்சி சம்பளச் சீட்டிலேயே நடந்தது. பங்கு பிடிப்பது அடிப்படைச் சம்பளத்துக்கும் பஞ்சப்படிக்கும்தான். வீட்டு வாடகைப்படிக்கு இல்லை. அதனால் அடிப்படையைக் குறைத்து, போக்குவரத்துப்படி, சிறப்புப்படி, கேன்டீன்படி என்று பல தலைப்புகளில் மீதியைக் கொடுக்கும் பழக்கம் பரவியது. கைக்கு வரும் தொகை கூடியதால் இளம் ஊழியரும் கேள்வி கேட்கவில்லை. 2019 பிப்ரவரியில் விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லோருக்கும் ஒரேமாதிரி வழங்கப்படும் படிகள் அடிப்படைச் சம்பளத்தின் பகுதியே என்றது. பிடித்த பணத்தைக் கட்டாமலே விடும் முதலாளிகளின் குற்றம் இதைவிடக் கொடியது. தொழிலாளியிடம் பிடித்துக் கட்டாதது நம்பிக்கை மோசடி ஆகும் என்று 1973ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. பிற கடன்களுக்கு முன் இந்த நிலுவையைத் தீர்க்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் நலிந்து மூடிய ஆலையில் தீர்க்க ஏதாவது மிஞ்சினால்தான் அந்த முன்னுரிமைக்குப் பொருள்.

அரசு ஊழியரின் பென்ஷனும் இதே காலத்தில் மாறியது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதலும், மத்திய அரசில் 2004 ஜனவரி 1 முதலும் சேர்ந்தவர்களுக்குப் பழைய உறுதியான ஓய்வூதியம் நின்று, பங்களிப்புத் திட்டம் வந்தது. சந்தை தரும் வருவாய்க்கு ஊழியரே பொறுப்பு. தொடர்ந்த போராட்டங்களுக்குப் பின், மத்திய அரசு 2025 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் உறுதியான தொகைக்குப் பாதி வழி திரும்பி வந்தது.

சேமிப்பா, பென்ஷனா என்ற பழைய இழுபறி 2016இல் வீதிக்கு வந்தது. முதலாளி பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று அந்த ஆண்டு பிப்ரவரி 10இல் அறிவிக்கை வெளியானது. ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூருவின் ஆயத்த ஆடை ஆலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் இறங்கினார்கள். ஓசூர் சாலை நின்றது. எந்தச் சங்கத் தலைமையும் அழைக்காமல் எழுந்த கிளர்ச்சி அது. தையல் ஆலையில் சில ஆண்டுகள் உழைத்து வேலையை விடும்போது கிடைக்கும் பி.எஃப். பணமே கடனை அடைக்கவும் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும் அவர்களுக்கு உதவியது. அந்த வேலையில் 58 வயதுவரை நிலைப்பவர் அரிது. 19ஆம் தேதி மாலையே அறிவிக்கை திரும்பப் பெறப்பட்டது. முதுமைக்காகச் சேமிக்கச் சொல்வதில் பிழை இல்லை. வேலை நிலையாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு விதி எழுதியதே பிழை.

உயர் ஓய்வூதியம் பற்றிய வழக்கு இன்னும் நீண்டது. உச்சவரம்புக்கு மேல் உண்மையான சம்பளத்துக்கே பங்கு கட்டிப் பெரிய பென்ஷன் பெற 1996இல் ஒரு விதி இடம் தந்தது. பலருக்கு அது தெரியவே இல்லை. இமாச்சலச் சுற்றுலாக் கழக ஊழியர்கள் தொடுத்த வழக்கில் 2016இல் அந்த உரிமை உறுதியானது. ஆனால் 2014 செப்டம்பர் திருத்தம் இதற்கு முன்பே அந்த விதியை நீக்கி, சராசரிச் சம்பளத்தை 12 மாதத்துக்குப் பதில் 60 மாதத்துக்குக் கணக்கிடச் சொல்லியிருந்தது. கேரள உயர் நீதிமன்றம் 2018இல் திருத்தத்தை ரத்து செய்தது. 2022 நவம்பர் 4இல் உச்ச நீதிமன்றம் திருத்தத்தைப் பெருமளவு நிலைநிறுத்தியதோடு, விருப்பம் தெரிவிக்க நான்கு மாத அவகாசமும் கொடுத்தது.

2025 அக்டோபரில் வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழு, பணம் எடுக்கும் 13 வகைக் காரணங்களை மூன்றாகச் சுருக்கவும், கணக்கில் கால் பங்கை எப்போதும் விட்டுவைக்கவும், வேலையிழந்தவர் கணக்கை முழுதாக முடிக்க 2 மாதத்துக்குப் பதில் 12 மாதம் காத்திருக்கவும் முடிவெடுத்தது. அடுத்த மாதம் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் மிகையைச் சம்பளமாகவே கணக்கிட வேண்டும் என்றது. சம்பள உச்சவரம்பு மட்டும் அந்த ஆண்டு முடியும்வரை 2014இல் வைத்த 15,000 ரூபாயிலேயே நின்றது. 2014 செப்டம்பர் முதல் அதற்கு மேற்பட்ட சம்பளத்தில் முதன்முறையாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு ஓய்வூதியத் திட்டத்தில் இடமே இல்லை. அவர் பி.எஃப்.இல் சேர்ந்தாலும், இரண்டு பங்கும் வைப்பு நிதிக்கே போகின்றன.