ஆட்ட விதியும் அதன் பாடமும்

ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டு மூலபாடம் காண முயல்வோர், நல்ல பாடங்களைக் காட்டிலும் பிழைபட்ட பாடங்களே தமக்குப் பெருந்துணையாவதை அறிவர். இரண்டு ஏடுகள் சரியான பாடத்தில் ஒத்திருத்தல் இயல்பு. அதுகொண்டு அவற்றிடையே உறவு உண்டெனத் துணிதல் இயலாது. அவை ஒரே பிழையில் ஒத்திருப்பின், ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதப்பட்டதாதல் வேண்டும்; அன்றி இரண்டும் ஒரு தாயேட்டினின்று பிறந்தனவாதல் வேண்டும். இவ்வாராய்ச்சி முறை இலக்கிய ஏடுகளுக்கே உரியது என்று கருதுதல் வேண்டா. அமெரிக்க நாட்டில் ஒரு பலகையாட்டத்தின் உண்மை வரலாறு வெளிப்பட்டபொழுது அதற்குத் துணைநின்ற சான்றுகளுள் ஒன்று இத்தகைய எழுத்துப் பிழையே. அவ்வரலாற்றையும், பலகையாட்டங்களைக் கற்கும் வழி வாய்மொழியினின்று விதிநூலுக்கு மாறிய வகையையும் ஈண்டு ஆராய்வோம்.

பல்லாங்குழியையும் தாயத்தையும் நாம் எந்த நூலைக் கொண்டும் கற்றதில்லை. ஆடுவோர் அருகில் அமர்ந்து கண்டே கற்றோம். ஐயம் எழுந்தால் மூத்தோர் சொல்லே பிரமாணம். ஊருக்கு ஊர் விதி வேறுபட்டாலும் எது மூலம், எது திரிபு என்ற வினா எழுவதில்லை. ஆடுவோர் தமக்குள் உடன்பட்டதே விதி. ஆட்டம் கடைச் சரக்காகியபொழுது இந்நிலை மாறிற்று. பெட்டியை விலைகொடுத்து வாங்கியவனுக்கு ஆசிரியன் இல்லை. உள்ளே மடித்து வைத்த தாளே அவனுக்கு ஆசிரியன். விதியை எழுதி வைத்தவன் யாரோ அவனே ஆட்டத்தைப் படைத்தவன் என்னும் எண்ணமும் அத்தாளோடு உடன்பிறந்தது.

மோனோபொலி என்னும் ஆட்டத்தை அறியாதார் அரியர். நம் நாட்டிலும் இதன் வழிவந்த 'பிசினஸ்' பலகையில் இந்திய நகரங்களை விலைக்கு வாங்கி ஆடியவர் பலர். நெடுங்காலம் ஆட்டப் பெட்டியோடு வழங்கிய கதை ஒன்றுண்டு. பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வேலையிழந்த சார்லஸ் டாரோ என்பவர், தாம் விடுமுறைக்குச் சென்ற அட்லாண்டிக் சிட்டியின் தெருப்பெயர்களைக் கொண்டு இதனைத் தாமே படைத்தார் என்பது அக்கதை. பார்க்கர் சகோதரர் நிறுவனம் 1935ஆம் ஆண்டு அவரிடமிருந்து உரிமையைப் பெற்று ஆட்டத்தை வெளியிட்டது.

உண்மை வேறு. எலிசபெத் மேகி என்னும் பெண்மணி 'நிலக்கிழார் ஆட்டம்' என ஒன்றனை அமைத்து, 1904ஆம் ஆண்டு சனவரித் திங்களில் காப்புரிமை பெற்றிருந்தார். நிலத்தின் மதிப்பு ஒன்றின்மேலேயே வரி விதித்தல் வேண்டும் என்ற ஹென்றி ஜார்ஜின் கொள்கையை மக்களுக்குப் புலப்படுத்துவதே அவர் நோக்கம். ஒருவன் நிலமெல்லாம் வளைத்துக்கொண்டால் ஏனையோர் வறியராவர் என்பதை ஆடுவோர் தாமே கண்டுணரல் வேண்டும் என விழைந்தார். சிறைக்கு அனுப்பும் மூலைக்கட்டமும் இருப்புப்பாதைகளும் அவர் பலகையிலேயே உள்ளன. பலகையை ஒருமுறை சுற்றிவருவோன் நிலத்தில் உழைத்தவனாகக் கொள்ளப்பட்டு நூறு டாலர் கூலி பெறுவான் என்று அவர் விதித்தார். மோனோபொலியில் அத்தொகை இருநூறாயிற்று, உழைப்பு மறைந்தது, 'சம்பளம்' என்ற சொல் மட்டும் எஞ்சி நிற்கிறது. பொருள் மறந்தபின்னும் பழஞ்சொல் தங்குதல் மொழி வரலாறு கற்றார்க்குப் புதிதன்று.

மேகியின் ஆட்டம் அச்சில் வந்ததாயினும் பரவியது பெரும்பாலும் கையெழுத்துப் பிரதிகளாகவே. துணியிலும் பலகையிலும் தாமே வரைந்து, விதியை வாய்மொழியாகக் கற்று ஆடினர். டெலவேர் மாநிலத்தில் ஜார்ஜின் கொள்கையைப் பின்பற்றியோர் அமைத்த ஆர்டன் என்னும் சிற்றூரில் அது வழங்கியது. அங்கு வாழ்ந்த பேராசிரியர் ஸ்காட் நியரிங் தம் மாணவர்க்கும் அறிமுகப்படுத்தினார். இண்டியானாபொலிசில் அதனைக் கற்ற ரூத் ஹாஸ்கின்ஸ் அட்லாண்டிக் சிட்டிக்குக் கொண்டுசென்றார். அங்கிருந்த குவேக்கர் சமயத்தார் தம்மூர்த் தெருப்பெயர்களைப் பலகையில் எழுதிக்கொண்டனர். அவர்வழி வந்த ஆட்டத்தைச் சார்லஸ் டாட் என்பவர் கற்று டாரோவுக்குக் கற்பித்தார். விதிகளை எழுதித் தருமாறு டாரோ வேண்ட, அவ்வாறே தட்டெழுத்தில் அமைத்துக் கொடுத்ததாக டாட் பின்னாளிற் கூறினார்.

பிழை புகுந்த இடம் இதுவே. மார்கேட், வெண்ட்னர் என்னும் ஈரூர்ப் பெயர்களின் முதற்பகுதிகளைச் சேர்த்து அமைந்தது 'மார்வென் கார்டன்ஸ்' என்னும் இடப்பெயர். டாட் அதனைத் தம் பலகையில் 'மார்வின்' எனப் பிழைபட எழுதினார். டாரோவின் பலகையிலும் 'மார்வின்' என்றே காண்கிறோம். அச்சிட்ட பெட்டிகளிலும் அதுவே நிலைத்தது. தாமாகவே படைத்தவர் மற்றொருவர் கைப்பிழையை எங்ஙனம் அடைந்தார்? ஏடு பெயர்த்தெழுதியோர் விட்டுச்செல்லும் தடம் போன்றது இது.

இவ்வுண்மை வழக்கு மன்றத்தின் வாயிலாகவே வெளிப்பட்டது. சான்பிரான்சிஸ்கோவில் பொருளியல் பேராசிரியராயிருந்த ரால்ஃப் ஆன்ஸ்பாக் 1973ஆம் ஆண்டு 'ஆன்டி-மோனோபொலி' என்ற ஆட்டத்தை வெளியிட, உரிமையாளர் தடுத்தனர். 1935க்கு முன்பே ஆட்டத்தைக் கற்றோரை அவர் தேடிச் சென்றார். யார் யாரிடம் கற்றனர் என்ற வரிசையும், வீடுகளிற் கிடந்த கையால் வரைந்த பலகைகளும் அவர்க்குச் சான்றாயின. 1982இல் மேன்முறையீட்டு மன்றம் அவர் பக்கம் தீர்த்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அதனை மீளாய்வு செய்ய மறுத்தது. 1948இல் மறைந்த மேகியம்மையார் இதனைக் காணவில்லை. 1935இல் தம் காப்புரிமைக்கு அவர் பெற்ற விலை ஐந்நூறு டாலர்.

எழுதியவனுக்கே ஆட்டம் உரியதாயிற்று என்றோம். எழுதிய விதியை ஆடுவோர் படித்தனரா எனின், பெரும்பாலும் இல்லை. மோனோபொலியில் ஒருவன் தான் அடைந்த நிலத்தை வாங்க மறுத்தால் அது உடனே ஏலத்திற்கு வருதல் வேண்டும் என்பது அச்சிட்ட விதி. வீடுகளில் ஏலம் விடுவோர் சிலரே. 'பிரீ பார்க்கிங்' என்னும் கட்டத்தை அடைந்தவனுக்குத் தண்டப்பணம் அனைத்தும் சேரும் என்பது பரவலான வழக்கு. விதிநூலில் அதற்கு இடமில்லை. முன்னது விடுபட்ட பாடம்; பின்னது இடைச்செருகல். இவ்விரண்டாலும் நிலம் விற்பனையாவது தாமதமாகிறது. பணம் பெருகி யாரும் விரைவில் தோற்பதில்லை. ஆட்டம் முடிவின்றி நீள்கிறது என்று பலரும் குறைகூறுவது மூலத்தைக் காட்டிலும் திரிபையே பெரிதும் சாரும் என்பது என் துணிபு.

பிற்காலத்து ஆட்டம் அமைப்போர் இரண்டு குறைகளையும் உணர்ந்தனர் எனலாம். 1988இல் நூரம்பர்க் பொம்மைக் கண்காட்சியின்போது செருமானிய ஆட்ட ஆசிரியர் சிலர், பெட்டியின்மேல் தம் பெயர் பொறிக்காத நிறுவனத்திற்கு ஆட்டம் தருவதில்லை எனப் பீர்க்குவளை வைக்கும் அட்டை ஒன்றில் எழுதிக் கையொப்பமிட்டனர். மேகிக்குக் கிட்டாதது அவர்க்குக் கிட்டியது. விதிநூலின் தெளிவும் தனித்து மதிக்கப்பெற்றது. செருமனியில் 1979 முதல் வழங்கப்பெறும் 'ஆண்டின் சிறந்த ஆட்டம்' பரிசுக்கு விதியமைப்பின் தெளிவும் ஓர் அளவுகோல்.

1995இல் அப்பரிசு பெற்றது கிளவுஸ் டாய்பர் இயற்றிய 'காட்டான்'. விதியைச் சொல்லும் முறையில் அது குறிப்பிடத்தக்கது. படத்தோடு கூடிய சுருக்கம் ஒன்று, ஆட்டமுறை கூறும் விதிநூல் ஒன்று, ஐயம் எழுந்தபொழுது அகரவரிசையிற் புரட்டிக் காண்பதற்கு ஒரு குறிப்பேடு என அது மூன்றாகப் பகுக்கப்பட்டது. பாயிரமும் நூலும் அகராதியும் ஒரு பெட்டியில் அடங்கின என்றால் மிகையன்று. முதன்முறை கற்பவன் வேண்டுவதும், ஆட்டத்தின் நடுவே வழக்கிடுவோர் வேண்டுவதும் வேறென உணர்ந்த பகுப்பு இது. அமெரிக்கப் போராட்டங்களை வெளியிட்ட எஸ்.பி.ஐ. நிறுவனம் 1970களில் விதிதோறும் எண்ணிட்டு நூற்பாப் போல அமைத்தது. மேற்கோள் காட்ட அது நன்று, கற்பதற்குக் கடிது.

இக்காலத்தில் புதிய ஆட்டம் ஒன்றைக் கற்க விழைவோன் விதிநூலை முதலிலிருந்து இறுதிவரை மனனம் செய்தல் வேண்டா. வெற்றி எதனால் அமையும், ஆட்டம் எப்பொழுது முடியும் என்ற இரண்டையும் முதலிற் காண்க; பின்னர் ஒருவன் தன் முறையில் செய்யக்கூடியவை யாவை எனக் காண்க. சீட்டுக்களை மறைக்காது ஒரு சுற்று ஆடிப்பார்த்தபின் மீண்டும் நூலைப் படித்தால், முதற்படிப்பில் பொருளற்றுக் கிடந்த விதிவிலக்குகள் விளங்கும். இப்பொழுது ஆட்டங்களை ஆடிக்காட்டிக் கற்பிக்கும் காணொளிகளும் மலிந்துள்ளன. கண்டு கற்கும் பழைய வழியே அவற்றின்வழி மீண்டுள்ளது. அவற்றிலும் கூறுவோர் விதி ஒன்றை விட்டுவிடுதலும் பிறழக் கூறுதலும் உண்டு. அவரிடம் கற்றோர் அனைவரும் அதே பிழையோடு ஆடுவதைக் கண்டால், எக்காணொளியைக் கண்டு கற்றனர் என்பதைக் கேளாமலே கூறிவிடலாம்.