உரோமச் சட்டமும் பிறவாத பிள்ளையும்

கணவன் மௌத்தாகிவிட்டான். மனைவி, தான் கர்ப்பமாயிருப்பதாகச் சொல்கிறாள். பிள்ளை பிறந்தால் சொத்து அதற்கு. இல்லையேல் மற்ற உறவினருக்கு. உறவினர் அவளை நம்பவில்லை. பண்டைய உரோமில் இப்படியொரு பிணக்கு வந்தால் என்ன செய்தார்கள்?

பிரேட்டர் எனப்பட்ட நீதியதிகாரியின் கட்டளையொன்று, பேரரசர் ஜஸ்டீனியன் கி.பி. 533இல் வெளியிட்ட டைஜெஸ்ட் என்ற சட்டத்திரட்டில் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. விதவை மாதம் இருமுறை உரியவர்களுக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் ஐந்து பெண்கள் வரை அனுப்பி அவளைப் பார்வையிடலாம். ஆனால் அவளுடைய விருப்பமின்றி ஒருத்தியும் வயிற்றைத் தொடக்கூடாது. பிரேட்டர் தெரிவு செய்யும் நல்லொழுக்கமுள்ள ஒரு பெண்ணின் வீட்டில்தான் பிரசவம். அறைக்கு ஒரே வாசல். வேறு வாசலிருந்தால் பலகையடித்து மூட வேண்டும். வாசலில் மூன்று ஆண்களும் மூன்று பெண்களும் காவல். உள்ளே மூன்று விளக்குகளுக்குக் குறையாமல் எரிய வேண்டும். இருட்டில் வேறொரு பிள்ளையைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்களாம்!

இத்தனை காவலும் பிள்ளைக்கா, சொத்துக்கா?

பிள்ளைக்கும் பங்கு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. தன் நன்மை சம்பந்தப்பட்ட இடத்தில் கருவிலுள்ள பிள்ளை பிறந்த பிள்ளையாகவே கருதப்படும் என்றார் பவுலுஸ் என்ற சட்ட அறிஞர். உரோமன் டச்சுச் சட்டத்தின் வழியாக இலங்கைக்கும் வந்து சேர்ந்த கொள்கை இது. பிள்ளை பிறக்கும்வரை தாயின் உணவுக்கும் செலவுக்கும் வழிசெய்ய ஒரு காப்பாளர் நியமிக்கப்பட்டார். அவருடைய பதவிக்கே 'வயிற்றின் காப்பாளர்' என்றுதான் பெயர். மரணதண்டனை பெற்றவள் கர்ப்பிணியாயின், பிரசவம்வரை தண்டனை ஒத்திவைக்கப்பட்டது.

ஆனால் பிறந்த பிள்ளையின் கதை வேறு. கி.மு. 1ஆம் ஆண்டில், உரோமர் ஆட்சியிலிருந்த எகிப்தில், ஹிலாரியன் என்ற தொழிலாளி அலெக்சாந்திரியாவிலிருந்து மனைவி ஆலிஸுக்கு எழுதிய கடிதம் பாப்பிரஸ் தாளில் கிடைத்திருக்கிறது. வீட்டிலுள்ள சின்னப் பிள்ளையைக் கவனித்துக்கொள், கூலி கிடைத்ததும் அனுப்புகிறேன் என்கிறான். அடுத்துப் பிறப்பது ஆணென்றால் வைத்துக்கொள், பெண்ணென்றால் வெளியே போட்டுவிடு என்றும் எழுதுகிறான். உன்னை எப்படி மறப்பேன் என்பதும் அதே கடிதத்தில்தான். கொடியவன் ஒருவன் எழுதியதாக அதை என்னால் வாசிக்க முடியவில்லை. அதுவே கூடுதலாக உறுத்துகிறது.

கருவைக் கலைத்த மனைவியைச் சிறிது காலம் நாடுகடத்தும்படி பேரரசர்கள் செவெரஸும் கரகல்லாவும் விதித்தபோது சொன்ன காரணமும் கவனிக்கத்தக்கது: கணவனுக்குப் பிள்ளை இல்லாமற் செய்துவிட்டாளாம். உயிரைப் பற்றி அங்கே பேச்சில்லை.

ஏழைப் பிள்ளைகளுக்கு அரசு உதவியதும் உண்டு. பேரரசர் டிராஜன் காலத்து வெலேயா நகர வெண்கலப் பட்டயத்தின்படி ஆண் பிள்ளைக்கு மாதம் 16 செஸ்டர்ஸ் காசு, பெண் பிள்ளைக்கு 12. அதில் முறைப்படி பிறந்த ஆண்கள் 245 பேர். பெண்கள் 34 பேர் மட்டுமே.

சிசுக்கொலை மரணதண்டனைக்குரிய குற்றமானது கி.பி. 374இல்தான். அதற்கு முன், 331இல், பேரரசர் கொன்ஸ்டன்டைன் இன்னொரு சட்டம் செய்திருந்தார். வீசப்பட்ட பிள்ளையை எடுத்து வளர்த்தவர் அதைத் தன் பிள்ளையாக வைத்துக்கொள்ளலாம், அடிமையாகவும் வைத்துக்கொள்ளலாம். அப்படி எடுக்கப்பட்ட எந்தப் பிள்ளையும் அடிமையல்ல என்று ஜஸ்டீனியன் விதித்தது 529இல்.