குளம் முதலில், மீன் பிறகு: கோய் மீன்கள் சொல்லித் தரும் வரலாறு

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன கோடை விடுமுறைக்கு வந்த பேத்தி, கொல்லையில் வண்ண மீன் வளர்க்க வேண்டும் என்று கேட்டாள். துணி துவைக்கும் பழைய சிமெண்ட் தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. மூன்றடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம். காலையில் குழாய்த் தண்ணீரை நிரப்பினேன், மாலையில் எட்டுக் கோய் மீன்களை வாங்கி வந்து விட்டேன். நான்காம் நாள் எட்டும் மிதந்தன. "ஏன் தாத்தா செத்துப்போச்சு?" என்றாள். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொன்னவன், அன்று வாயடைத்து நின்றேன். அந்தப் பதிலைத் தேடிப் படித்ததுதான் இந்தப் பதிவு.

ஜப்பானிய மொழியில் 'கோய்' என்றால் கெண்டை, அவ்வளவுதான். வண்ணக் கெண்டைக்கு 'நிஷிகிகோய்' என்று பெயர். 'நிஷிகி' என்பது பல நிற நூலால் நெய்த பூவேலைப் பட்டு. இந்த மீன் பிறந்தது அரண்மனையில் அல்ல, ஏழை உழவர்களின் மலைக் கிராமங்களில். நீகாத்தா மாகாணத்தில் யமகோஷி என்றொரு மலைப்பகுதி இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே பத்தடிக்கு மேல் பனி கொட்டும், வெளியூர்ப் போக்குவரத்து நின்றுவிடும். மலைச் சரிவில் படிப்படியாக வயல் அமைத்து நெல் பயிரிட்டார்கள். பாசனத்துக்குப் பனி உருகிய நீரைக் குளங்களில் தேக்கினார்கள். அந்தக் குளங்களில் கறுப்புக் கெண்டையை வளர்த்துப் பனிக்காலத்துக்கு உணவாக வைத்துக்கொண்டார்கள். அழகுக்கு அல்ல, வயிற்றுக்கு.

1800-களின் தொடக்கத்தில் அந்தக் கறுப்பு மீன்களுக்கு நடுவே சிவப்பும் வெள்ளையுமாகச் சில குஞ்சுகள் தோன்றின. அவற்றைச் சமைக்காமல் தனியே வைத்து, இணை சேர்த்து வளர்த்தார்கள். நல்ல நெல்லை விதைக்கு எடுத்து வைக்கும் உழவனின் அதே புத்திதான். வெள்ளை உடலில் சிவப்புத் திட்டு உள்ள 'கோஹகு' இப்படித் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வந்த வகை. 1914-இல் டோக்கியோவில் நடந்த தைஷோ கண்காட்சிக்கு இந்த மீன்களைக் கொண்டுபோனார்கள். அதன் பிறகுதான் ஜப்பான் முழுவதும் இவற்றை அறிந்தது. 1927-இல் கறுப்பு உடலில் சிவப்பும் வெள்ளையும் கலந்த 'ஷோவா' வந்தது. பிறகு பிளாஸ்டிக் பையும் விமானமும் சேர்ந்து உலகமெங்கும் கொண்டு சேர்த்தன.

நம் பக்கம் உணவு மீனாக வளர்க்கும் சாதாக் கெண்டையும் இதன் நெருங்கிய உறவுதான். 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட கண்ணாடிக் கெண்டையும் அதே இனம்.

இதைப் படித்தபோதுதான் என் தவறு புரிந்தது. நான் வாங்கியது தொட்டி மீன் அல்ல, இரண்டடிக்கு மேல் வளரக்கூடிய குளத்து மீன். அதற்குக் கொடுத்ததோ வெறும் 250 லிட்டர். அதைவிடப் பெரிய தவறு, தண்ணீரைப் பழக்காதது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். ஒருவகை நுண்ணுயிரி அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும. யமகோஷியின் சேற்றுக் குளத்தில் அவை தாமாகவே இருந்தன. புதுத் தொட்டியில் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நான் அரை நாள்கூடக் கொடுக்கவில்லை. போதாததற்குக் குழாய் நீரில் குளோரின் வேறு.

இன்னொரு பாடமும் அங்கேதான் கிடைத்தது. 2004 அக்டோபர் 23 மாலை அந்த மலையைப் பெரும் நிலநடுக்கம் குலுக்கியது. சாலைகள் சரிந்தன. ஊர் மக்கள் அத்தனை பேரையும் ஹெலிகாப்டரில் வெளியேற்றினார்கள். குளங்கள் பிளந்து நீர் வடிந்தது. மின்சாரம் போய்க் காற்று பம்புகள் நின்றதால் தொட்டிகளில் இருந்த மீன்கள் மூச்சுத் திணறி இறந்தன. பிழைத்த தாய் மீன்கள் சிலவற்றையும் பிறகு ஹெலிகாப்டரிலேயே தூக்கிப்போய்க் காப்பாற்றினார்கள். சில வருடம் கழித்து ஊர் திரும்பியவர்கள் முதலில் குளத்தைச் சரிசெய்து, அதன் பிறகே மீனை விட்டார்கள்.

இப்போது என் திட்டத்தைச் சொல்கிறேன். முதல் முறை அமைப்பவர்களுக்கு உதவலாம்.

பத்தடி நீளம், ஆறடி அகலம், நான்கடி ஆழம். அடிக்கணக்கைப் பெருக்கி 28-ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். சுமார் 6,700 லிட்டர். இதில் நான்கைந்து மீன் போதும். பாதி நிழல் வேண்டும், வெயிலில் நீர் சூடானால் உயிர்வளி குறைந்துவிடும். வடிகட்டியும் பம்பும் இரவு பகல் ஓட வேண்டும். மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரில் ஒரு காற்று பம்பு. கொக்குக்கும் மீன்கொத்திக்கும் மேலே வலை, குழந்தைகள் விழாமல் சுற்றி வேலி. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகே மீன். வளர்க்க முடியாமல் போனாலும் ஆற்றிலோ ஏரியிலோ விடக்கூடாது. அது நம் நாட்டு மீன்களுக்குச் செய்யும் துரோகம்.

குளம் கட்டி, வடிகட்டி ஓடி இன்று இருபதாம் நாள். உள்ளே ஒரு மீன்கூட இல்லை. பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். பேத்தி மட்டும் தினமும் போனில், "இன்னைக்கு அம்மோனியா எவ்வளவு தாத்தா?" என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்கிறாள். அன்றைய கேள்விக்கான பதிலை இப்போது அவளே சொல்வாள்.

அனுபவம் உள்ளவர்கள் என் திட்டத்தில் குறை இருந்தால் சொல்லுங்கள். திருத்திக்கொள்கிறேன்.